சுட்ட எண்ணெயின் கதி

தீபாவளிக்கு நாலு நாள் கழித்து எந்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாலும் ஒரு காட்சி தென்படும். முறுக்கும் சீடையும் டின்களில் ஏறிவிட்டன. அவற்றில் பாதி தீர்ந்தும் விட்டன. இருப்புச் சட்டி மட்டும் மூலையில் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியபடி உட்கார்ந்திருக்கும். உள்ளே கறுத்த எண்ணெய். அடியில் கருகிய மாவுக் கசடு. அதை மறுபடி சமையலுக்கு எடுக்க வீட்டு அம்மாளுக்கு மனம் துணியவில்லை. கொட்டிவிடவும் மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பண்டமல்லவா? கடைசியில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அது ஒருவரும் பாராத சமயத்தில் முற்றத்துச் சாக்கடை வழியே போய்விடுகிறது. அத்துடன் விஷயம் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருமங்கலத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மதுரைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், கரிசல் சீமையின் வாசலில் இருக்கிறது இவ்வூர். கன்னியாகுமரிக்குப் போகும் பெரும் பாதையும், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் செல்லும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. பாதை பிரிகிற இடத்தில் பஸ் நிற்கும். பஸ் நிற்கிற இடத்தில் வடை வேகும். இது நமது நாட்டின் மாறாத சாஸ்திரம். தெற்கே போனால் விருதுநகர். அங்கே எண்ணெய் வியாபாரமும் பெரிது. பரோட்டாவையே எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுக்கும் வழக்கமும் உண்டு. இன்னும் சற்றுத் தூரத்தில் காராச்சேவுக்குப் பேர்போன சாத்தூர். ஆக, இந்தச் சாலை நெடுகிலும் அடுப்பில் எண்ணெய் காயாத நாழிகை கிடையாது. சேவும் வடையும் வயிற்றுக்குள் போகின்றன. மிஞ்சிய எண்ணெய் எங்கே போகிறது?

ஊரை ஒட்டிக் குண்டாறு இருக்கிறது. ஓடுகிறது என்று எழுதக் கை கூசுகிறது. மேற்கு மலைச் சரிவிலே பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கிழக்குக் கடலை நோக்கிப் போகும் இந்த ஆறு, மழைக் காலத்தில் சில நாள் தவிர மற்றக் காலமெல்லாம் மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. ஜீவநதியானால் நமது அழுக்கை அடித்துக்கொண்டு போய் வேறொரு ஊராருக்குக் கொடுத்துவிடும். வறண்ட ஆறு அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. நாம் எதை விட்டோமோ அது நமது கண் முன்னாலேயே தேங்கி நிற்கிறது.

எண்ணெய் தண்ணீரில் எவ்வளவு தூரம் பரவும் என்பதை ஓர் அமெரிக்கர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலுக்குக் காற்றாடி விட்ட அதே மனிதர்தான். லண்டனுக்கு அருகே கிளாப்ஹாம் என்ற இடத்துக் குளத்தில், காற்று அலை எழுப்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் அளவு நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டது. 1774-ம் வருஷத்தில் இந்த விவரம் லண்டன் ராயல் சொஸைட்டியின் பத்திரிகையில் வெளியாயிற்று. ஒரு தேக்கரண்டிக்கு அரை ஏக்கர்! நமது சட்டியில் எத்தனை தேக்கரண்டி இருக்கிறது என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் படலம் நீரின் மேல் மூடி போட்டதுபோல் படிந்து, காற்றிலுள்ள பிராணவாயு உள்ளே இறங்குவதைத் தடுக்கிறது. போதாக்குறைக்கு, எண்ணெயைத் தின்று ஜீரணிக்கும் நுண்கிருமிகள் நீரில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் செலவழித்துவிடுகின்றன. மீன் திணறுகிறது, நீர் நாறுகிறது.

சாக்கடைக் குழாயில் நடப்பது வேறு விதம். லண்டன் நகரத்தில் வைட்சாப்பல் என்ற பகுதியில் 2017-ம் வருஷத்தில் பூமிக்கடியிலுள்ள சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்த ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர். நிறை 130 டன். வாரக்கணக்கில் ஆட்கள் இறங்கி அதை உடைத்தெடுத்தார்கள். அதில் ஒரு துண்டை மறு வருஷம் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சனங்களுக்குக் காட்டினார்கள் என்றால் அந்த ஊராரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். ‘அது குளிர் தேசம், எண்ணெய் உறையும், நமது வெயிலில் ஏது உறைவது?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் அந்தப் பாறை வெறும் உறைந்த கொழுப்பு அன்று. எண்ணெயிலிருந்து பிரியும் அமிலம் நீரிலும் குழாயிலும் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து கல் போன்ற ஒரு வகைச் சோப்பாக மாறிவிடுகிறது. நமது பக்கத்து ஆழ்கிணறுகளில் துவைத்தால் நுரை வராத கடின நீர் கிடைப்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். நுரையைக் கொல்லும் அதே சுண்ணாம்புச் சத்துதான் சாக்கடையிலும் வேலை செய்கிறது. அதற்கு வெயில் தடையில்லை.

ஏழையின் வடை

சாக்கடையில் போகும் எண்ணெயைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சாக்கடையில் போகாத எண்ணெய்.

எண்ணெய் ஒவ்வொரு தடவை காயும்போதும் அதன் இயல்பு மாறுகிறது. சூட்டிலும் காற்றிலும் மாவின் ஈரத்திலும் அதன் மூலக்கூறுகள் உடைகின்றன. உடைந்தவை ஒன்றோடொன்று பிணைந்து கொழகொழவென்று ஆகின்றன. சட்டியின் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசின் படிகிறதே, அது இந்தப் பிணைப்பின் வேலைதான். முன்னைவிடச் சீக்கிரம் புகை வருவது, கண் எரிவது, நுரை அடங்காமல் பொங்குவது, காறல் வாடை அடிப்பது, இவையெல்லாம் எண்ணெய் செத்துவிட்டதற்கு அடையாளங்கள். இந்தக் கெட்டுப்போன பகுதியை அளக்க இப்போது கருவி வந்திருக்கிறது. அது நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயில் உணவு சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. 2018 ஜூலை 1-ம் தேதி முதல் அது அமுலில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் ஸ்தாபனங்கள் வாங்கியது, செலவழித்தது, கழித்தது ஆகியவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதி, கழித்ததை அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச் 1-ம் தேதி முதல் வந்தது.

விதி நல்ல விதிதான். ஆனால் ஐம்பது லிட்டர்க்காரருக்குக் கணக்குப் புஸ்தகம் உண்டு; இரண்டு லிட்டர்க்காரருக்கு இல்லை. பெரிய ஹோட்டலில் கழித்த எண்ணெய் டின்னோடு தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போவது நமது பட்டணங்களில் தெரியாத ரகசியமல்ல. புது எண்ணெய் லிட்டர் நூறு ரூபாய்க்கும் மேலே விற்கும்போது, பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய எண்ணெயை வடை சுடும் அம்மாள் எப்படி வேண்டாமென்பாள்? ‘இதைக் கொட்டச் சொல்றீகளே ஐயா, அப்புறம் நான் எதிலே வடை சுடுறது?’ என்று அவள் கேட்டால் அதற்குச் சட்டப் புஸ்தகத்தில் பதில் இல்லை. நஷ்டப்படுகிறவன் அந்த வடையைத் தின்று வேலைக்குப் போகும் மூட்டை தூக்குபவன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன். பெரிய ஹோட்டலில் சாப்பிட்டவருக்குப் புது எண்ணெய். அவர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதே எண்ணெயின் எச்சம். இப்படி ஒரு பங்கீடு நடந்துகொண்டிருக்கும்போது, ஆற்றைப் பற்றி மட்டும் கவலைப்படுவது அரைக் கவலைதான்.

ஆகவே, பழைய எண்ணெய்க்கு வேறு கிராக்கி உண்டாக வேண்டும். நல்ல விலையுடன் உண்டாக வேண்டும். அந்தக் கிராக்கி இப்போது உலகத்தில் உண்டாகியிருக்கிறது என்பதுதான் சந்தோஷமான செய்தி.

கடலை எண்ணெயில் ஓடிய இயந்திரம்

டீஸல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்று நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் செய்த இயந்திரம் 1893 ஆகஸ்டு 10-ம் தேதி முதன்முதல் சுழன்றது. 1900-ம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியில் அந்த ரகத்தைச் சேர்ந்த சிறிய இயந்திரம் ஒன்றை நிலக்கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எந்த எண்ணெயில் ஓடுகிறது என்றே தெரியவில்லையாம். நமது மானாவாரிப் புஞ்சையில் விளையும் அதே கடலை! பிறகு பூமிக்கடியிலிருந்து எண்ணெய் மலிவாகக் கிடைக்கவே கடலையை எல்லோரும் மறந்தார்கள்.

சமைத்த எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்றலாகாது; கொழகொழப்பினால் இயந்திரம் அடைத்துக்கொள்ளும். அதை வடிகட்டி, ஈரம் போக்கி, பத்துப் பங்குக்கு ஏறக்குறைய ஒரு பங்கு மெதனால் என்ற சாராய வகையும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே நிற்பது பயோடீஸல். கீழே இறங்குவது கிளிஸரின். கேட்கச் சுலபமாக இருந்தாலும் இது வீட்டில் செய்து பார்க்கிற காரியம் அன்று. மெதனால் தீப்பற்றும், விஷமுங்கூட. ஆலைகளுக்கு விட்டுவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் அந்தக் கிளிஸரினுக்காகவே சமையலறை எண்ணெயைத் தேடி அலைந்தார்கள். இரண்டாவது மகா யுத்தத்தின்போது, 1942-ல், அமெரிக்க சர்க்கார் அங்குள்ள குடும்ப ஸ்திரீகளைப் பார்த்து, வறுத்து மிஞ்சிய கொழுப்பைத் தகர டப்பாவில் வடிகட்டிக் கசாப்புக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று பிரசாரம் செய்தது. அதிலிருந்து கிளிஸரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள். வால்ட் டிஸ்னி இதற்காகவே ஒரு சிறு படம் எடுத்தார். மின்னி என்ற எலி சட்டியிலிருந்த கொழுப்பை நாய்க்குப் போடப் போக, ரேடியோ அதைத் தடுத்து யுத்த தர்மம் உபதேசிக்கும். அன்று குண்டு செய்ய ஒவ்வொரு வீட்டிலும் எண்ணெய் சேர்க்க முடிந்ததென்றால், இன்று பஸ் ஓட்ட ஏன் சேர்க்க முடியாது?

முடியும் என்று காட்டியது ஜப்பானிலுள்ள கியோட்டோ நகரம். அங்கே 1997-லிருந்து வீடுகளில் பலகாரம் சுட்ட எண்ணெயைத் தெருவுக்குத் தெரு சேர்த்துப் பயோடீஸலாக்கினார்கள். முதலில் குப்பை வண்டிகள், பிறகு நகரப் பஸ்களிலும் சில, அந்த எண்ணெயில் ஓடின. இப்போது ஆகாயத்துக்கே போய்விட்டது விஷயம். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய விமானம், பூமி எண்ணெய் கலவாமல், பெரும்பாலும் கழிவு எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்த எரிபொருளைக் கொண்டே அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தது. நமது தேசத்திலும் 2025-ல் இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, சுட்ட எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்வதற்குச் சர்வதேச நற்சான்று பெற்றது. ஆமை வடை சுட்ட எண்ணெயில் ஆகாய விமானம் பறக்கப் போகிறது!

இந்தியாவில் இதற்கு அஸ்திவாரம் 2018-ல் போடப்பட்டது. அந்த வருஷத்துத் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீஸலில் நூற்றுக்கு 5 பங்கு பயோடீஸல் கலக்க வேண்டுமென்று இலக்கு வைத்தது. அதே ஆண்டில் உணவு ஆணையம், சுட்ட எண்ணெயைச் சேகரித்து ஆலைக்கு அனுப்பும் ‘ரூக்கோ’ திட்டத்தை ஆரம்பித்தது. மறு வருஷம் ஆகஸ்டில், டீஸலின் இயந்திரம் சுழன்ற அந்தப் பத்தாம் தேதியன்று, பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் 100 நகரங்களில் இவ்விதப் பயோடீஸலை வாங்கிக்கொள்வதாக அறிவித்தன. முதல் வருஷத்துக்கு லிட்டருக்கு 51 ரூபாய் விலை. இங்கேதான் சிக்கல். செய்து முடித்த சரக்குக்கு 51 ரூபாய் என்றால், மூலப்பொருளான பழைய எண்ணெய்க்கு ஆலைக்காரர் அதைவிடக் குறைத்துத்தானே கொடுக்க முடியும்? வண்டிக் கூலி, மெதனால், கசடு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். தள்ளுவண்டி வியாபாரி அதைவிட ஓரிரு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டால் டின் அந்தப் பக்கம் திரும்பிவிடும். விலையில் தோற்றால் விதியிலும் தோற்போம். நமது தேசம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும், பூமி எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேலும் அந்நிய நாடுகளிலிருந்து வரவழைக்கிறது. இரண்டு இறக்குமதிக்கும் ஒரே சமயத்தில் சற்று ஒத்தாசை செய்யக்கூடிய பொருளுக்கு நாலு காசு கூடக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் சாலையில் போனால் தே. கல்லுப்பட்டி வருகிறது. அங்கே 1940-ல் ஏற்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தமது கடைசி வருஷங்களைக் கழித்தார் ஜே. ஸி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்குப் பரிசோதனையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் கற்றவர். 1934-ல் வார்தாவில் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசி. 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

எண்ணெயைப் பற்றி அவர் நிறைய யோசித்திருக்கிறார். நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவை தொட்டியில் தேங்கிய நீர். மொள்ள மொள்ளக் குறையும், அதற்காக ஜாதிகள் சண்டையிடும். மரமும் பயிரும் ஓடும் நீர்; வருஷந்தோறும் வந்துகொண்டிருக்கும். முன்னதை விட்டுப் பின்னதைப் பற்றிக்கொள்வதே நிலையான வாழ்வு என்பது 1945-ல் வெளிவந்த அவரது பொருளாதார நூலின் மூலக் கருத்து. வெறும் சித்தாந்தத்தோடு நிற்கவில்லை. கெரஸின் லாந்தர் விளக்கைத் தாவர எண்ணெயில் எரியும்படி மாற்றியமைத்து ‘மகன் தீபம்’ என்று பெயரிட்டு வார்தாவில் பரப்பினார்கள். சாப்பிட உதவாத எண்ணெய்களில் சோப்புச் செய்வதும் அந்தச் சங்கத்தார் ஊக்கிய தொழில். சுட்ட எண்ணெயும் சாப்பிட உதவாத எண்ணெய்தானே!

வீட்டில் செய்யக் கூடியவை

முதல் காரியம் மிஞ்சாமலே பார்த்துக்கொள்வது. அகலச் சட்டியில் லிட்டர் லிட்டராக ஊற்றாமல், குறுகலான குழிச் சட்டியில் அளவாக ஊற்றி நாலு ஈடு அதிகமாக எடுத்தால் போயிற்று. வரிசையும் முக்கியம். அப்பளமும் முறுக்கும் முதலில். மாவு உதிரும் பஜ்ஜி பிறகு. வெல்லப்பாகு கக்கி எண்ணெயைக் கறுக்க அடிக்கும் அதிரசம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வோர் ஈட்டுக்கும் பின் கசடைச் சாரணியால் அரித்துவிட வேண்டும். அப்படிச் சுட்டு மிஞ்சிய தெளிவான எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிக்கச் செலவழிப்பதில் தோஷமில்லை. மீண்டும் பொரிப்பதற்கு வேண்டாம்.

சட்டியைக் கழுவுமுன் தவிட்டாலோ பழைய காகிதத்தாலோ நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்டாலே சாக்கடைக்குப் போகும் எண்ணெயில் பெரும் பகுதி நின்றுவிடும். செடிக்கு ஊற்றலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது, மண்ணின் துவாரங்களை அடைத்து, நீர் இறங்காமலும் வேருக்குக் காற்று எட்டாமலும் செய்துவிடும். மண்வெட்டி, அரிவாள், கதவுக் கீல் இவற்றுக்குத் துரு ஏறாமல் தடவலாம். தோட்டம் வைத்திருப்போர் மஞ்சள் வர்ணம் பூசிய தகட்டில் தடவிச் செடிகளுக்கிடையே கட்டினால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கு விளக்கெண்ணெயே உத்தமம் என்றாலும் கொழகொழத்த பழைய எண்ணெயும் வேலை செய்யும்.

சோப்புச் செய்ய விரும்புவோருக்கு முறை இது. எண்ணெயைச் சம அளவு வெந்நீருடன் கலக்கித் தெளியவிட்டால் உப்பும் மாவும் நீரோடு கீழே தங்கும். மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டிக்கொள்க. ஒரு கிலோ எண்ணெய்க்கு 125 கிராம் காஸ்டிக் சோடா, 350 மில்லி தண்ணீர். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வரோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ எடுத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்க. சோடாக் கரைசல் ஆறி வெதுவெதுப்பானதும் அதை எண்ணெயில் விட்டு, தோசை மாவுப் பதம் வரும் வரை கிண்ட வேண்டும். தட்டில் ஊற்றி மறுநாள் துண்டு போட்டு, நிழலில் நாலிலிருந்து ஆறு வாரம் உலரவிட வேண்டும். துணிக்கும் தரைக்கும் உதவும், முகத்துக்கு வேண்டாம். வாசனை பிரமாதமாக இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானியர்கள் இன்னொரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சுட்ட எண்ணெய் சூடாயிருக்கும்போதே ஒரு பொடியைத் தூவுகிறார்கள். ஆறியதும் அது அல்வாபோல் உறைந்துவிடுகிறது. அப்படியே பெயர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பொடி ஆமணக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள். உலகத்தில் ஆமணக்கு அதிகம் விளையும் தேசம் நமது தேசம். நமது கடைகளில் அந்தப் பொடி சாதாரணமாகக் கிடைப்பதில்லை!

சோப்பும் பொடியும் சிலருக்குத்தான் சரிப்படும். எல்லோருக்கும் சரிப்படக்கூடியது ஒரு டின். ஒரு தெருவில் நாற்பது வீடு; வீட்டுக்கு மாதம் அரை லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் இருபது லிட்டர் ஆயிற்று. ஐந்து தெரு சேர்ந்தால் நூறு லிட்டர். ஆலைக்காரரின் வண்டி ஹோட்டல்களுக்காக எப்படியும் வரத்தான் போகிறது; வழியில் ஒரு டின்னையும் ஏற்றிக்கொள்வதில் அதற்குச் சிரமமில்லை. மூடியும் வடிகட்டியும் உள்ள ஒரு டின்னை வார்டுக்கு ஒன்றாக நகராட்சி வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் விற்ற பணத்தையும் அந்த வார்டு மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்துவிடலாம். தெருமுனையில் வடை சுடும் அம்மாளும் அந்தக் குழுவில் ஓர் அங்கத்தினராக இருந்தால், கழித்த எண்ணெய்க்குக் காசும் அவளுக்கே வரும். புது எண்ணெய் வாங்க அது கொஞ்சம் உதவும். திருமங்கலம் நகராட்சி அங்கத்தினர்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தில் இதைப் பிரஸ்தாபிப்பாரா?